குப்பை வண்டி வரும் நாள் வரை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரிக்குப் பக்கத்தில் வாவா என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊர் இரண்டு காரணங்களால் பெயர்போனது. ஒன்று, நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கும் ராட்சத வாத்துச் சிலை. 1960இல் அந்தப் பக்கம் நாடு தழுவிய நெடுஞ்சாலை திறந்தபோது, வண்டிகளெல்லாம் ஊருக்குள் திரும்பாமல் நேராகப் போய்விடுமே என்று யோசித்து வைத்தது. வாவா என்ற பெயரே அங்குள்ள ஒஜிப்வே மக்களின் மொழியில் காட்டு வாத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். இன்னொரு காரணம், வழியில் லிஃப்ட் கேட்டு ஊர் சுற்றுகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட ஒரு பயம்: வாவாவில் இறக்கிவிட்டார்களென்றால் தொலைந்தோம், அடுத்த வண்டி கிடைக்க நாள்கணக்கில் நிற்க வேண்டும். அங்கே மாட்டிக்கொண்டு, கடைசியில் அந்த ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தியவர்களைப் பற்றியெல்லாம் கதைகள் உண்டு.

'ஸ்நோ கேக்' என்ற படம் இந்த ஊரில் நடக்கிறது, இந்த ஊரிலேயே எடுக்கப்பட்டது. 2006இல் பெர்லின் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த படம். வேல்ஸ்காரரான மார்க் எவன்ஸ் இயக்கியது. பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து சின்னப் பணத்தில் தயாரித்தது. சாலைப் பயணம், ஆட்டிசம், யாரும் எதிர்பாராத ஒரு நட்பு என்று எழுதிப் பார்த்தால் ஏற்கெனவே பத்துப் படம் பார்த்துவிட்ட களைப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் இந்தப் படம் சாலையில் தொடங்கி, கால் மணி நேரம் போவதற்குள் வண்டியை நொறுக்கிவிடுகிறது. மிச்சப் படம் முழுக்க ஒரு மனிதர் வாவாவில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான்.

அலெக்ஸ் என்ற நடுவயது ஆங்கிலேயர் (ஆலன் ரிக்மேன்) வின்னிபெக் நகரத்துக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறார். பேச்சே பிடிக்காத ஆள். சாலையோர உணவகத்தில் விவியன் என்ற துறுதுறுப்பான இளம்பெண் அவராக அழைக்காமலே வந்து எதிரே உட்கார்ந்து, வாவா வரைக்கும் லிஃப்ட் கேட்கிறாள். அவர் முதலில் முடியாது என்கிறார், அப்புறம் மனம் மாறி ஏற்றிக்கொள்கிறார். லாரி வந்து மோதுகிறது. அவள் இறந்துவிடுகிறாள், அவருக்குக் காயம்கூடப் பெரிதாக இல்லை. மன்னிப்புக் கேட்பதற்காக அவளுடைய அம்மாவைத் தேடிப் போகிறார். அம்மா லிண்டா (சிகோர்னி வீவர்) ஆட்டிசம் உள்ளவர். மகள் செத்த செய்தியைச் சுமந்து வந்திருக்கும் மனிதரிடம் அவருக்கு உடனடியாகக் கேட்க இருப்பது வேறு விஷயம். வீட்டுக் குப்பையை லிண்டாவால் தொட முடியாது. அதை வெளியே எடுத்து வைப்பது விவியனின் வேலை. இனி யார் வைப்பது? குப்பை வண்டி வரும் நாள் வரை அலெக்ஸ் தங்கியிருந்து அதைச் செய்துவிட்டுப் போக வேண்டும்.

இந்த வேண்டுகோளுக்கு முன்னால் இப்படிப்பட்ட படங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும். அதற்கு 1988க்குப் போக வேண்டும்.

'ரெயின் மேன்' பார்க்காதவர்களும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். சார்லி பேபிட் லாஸ் ஏஞ்சலிஸில் கார் வியாபாரி. அப்பா இறந்துபோகிறார். உயிலில் சார்லிக்கு ஒரு 1949 ப்யூக் ரோட்மாஸ்டர் காரும் ரோஜாச் செடிகளும். மிச்சம் 30 லட்சம் டாலர், சின்சினாட்டி பக்கம் ஒரு காப்பகத்தில் இருக்கும், இருப்பதே சார்லிக்குத் தெரியாத அண்ணன் ரேமண்டுக்கு. பாதிப் பணமாவது வாங்கிவிடலாம் என்று அண்ணனைக் காப்பகத்திலிருந்து கிளப்பிக்கொண்டு போகிறான் தம்பி.

விமானத்தில் ஏறியிருந்தால் சில மணி நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ். படமும் அங்கேயே முடிந்திருக்கும். ரேமண்ட் மறுத்துவிடுகிறான். ஒவ்வொரு விமான நிறுவனமும் எப்போது விபத்துக்குள்ளானது என்று அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் ஒன்றைத் தவிர. (விமானங்களில் இந்தப் படத்தைப் போட்டபோது பல நிறுவனங்கள் இந்தக் காட்சியை வெட்டிவிட்டன. குவான்டாஸ் வெட்டவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) சரி, காரில் போகலாம் என்றால், வழியில் ஒரு விபத்தைப் பார்த்ததும் பெரிய நெடுஞ்சாலையும் வேண்டாம் என்கிறான். கிளைச் சாலை வழியாகப் போனால், மழை பெய்தால் வெளியே வர மாட்டேன் என்கிறான். ஒரு நாள் முழுக்க மோட்டல் அறையில் கழிகிறது. திரைக்கதையாகப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான கட்டுமானம். ஆட்டிசம் உள்ள பாத்திரத்தின் மறுப்புகள்தான் சாலையையே உண்டாக்குகின்றன. சில மணி நேரத்தை ஒரு வாரமாக இழுக்கின்றன. மணி அடித்தால் டிவி நிகழ்ச்சி, கிழமைக்கு ஏற்ற சாப்பாடு என்று வாழ்கிற ஒருவனை, எதுவுமே அட்டவணைப்படி நடக்காத சாலையில் கொண்டுபோய் விட்டால் காட்சிக்குக் காட்சி மோதல் தானாக வரும்.

அதன் பிறகு வந்த படங்களெல்லாம் இந்தக் கட்டுமானத்தைத்தான் கடன் வாங்கின. கடனோடு வட்டியும் வந்தது.

முதல் வட்டி, அபூர்வத் திறமை. ரெயின் மேன் கதையை எழுதிய பாரி மாரோ, 1984இல் டெக்சஸில் கிம் பீக் என்பவரைச் சந்தித்ததில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. கிம் ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனப்பாடமாக வைத்திருந்தவர். தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்லிவிடுவார். ஆனால் கிம் பீக்குக்கு ஆட்டிசம் இல்லை. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் பிறப்பிலேயே அவருக்கு இல்லை. பின்னாளில் அதை வேறொரு மரபணுக் கோளாறு என்று கருதினார்கள். படம் உருவாகும்போது ரேமண்டாக நடித்த டஸ்டின் ஹாஃப்மேன் ஆட்டிசம் உள்ளவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் பழகினார், நிபுணர்களின் ஆலோசனை பெற்றார்கள், பாத்திரம் ஆட்டிசம் உள்ளவராக மாறியது. கிம்மின் நினைவாற்றல் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆக, ஒருவருடைய மூளை, வேறு சிலருடைய நடை, பேச்சு, பழக்கங்கள் எல்லாம் கலந்த ஒரு மனிதனை உலகம் 'ஆட்டிசம் என்றால் இதுதான்' என்று எடுத்துக்கொண்டது. தரையில் சிந்திய பல்குத்தும் குச்சிகளை ரேமண்ட் ஒரு பார்வையில் 246 என்று எண்ணும் காட்சிக்குப் பிறகு, எத்தனை பிள்ளைகளிடம் எத்தனை மாமாக்கள் 'இவன் என்ன ஸ்பெஷலா பண்ணுவான்?' என்று கேட்டிருப்பார்கள் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. அப்படிப்பட்ட அசாத்தியத் திறமை ஆட்டிசம் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பழைய கணக்கு. மிச்ச ஒன்பது பேருக்குப் படமே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இந்தப் படத்துக்கு முன்னால் ஆட்டிசம் என்ற சொல் பொதுமக்கள் காதில் அதிகம் விழுந்ததில்லை. மனநல மருத்துவர் லியோ கேனர் 11 பிள்ளைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தது 1943இல். அதன் பிறகு ஒரு தலைமுறைப் பெற்றோர்கள், குறிப்பாக அம்மாக்கள், பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்ற பழியைச் சுமந்தார்கள். 1964இல் ஒரு புத்தகம் எழுதி அந்தப் பழியை உடைத்த உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், தானே ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா. இந்தப் படத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1980களில் 10,000 பேருக்கு நான்கைந்து பேர் என்று சொல்லப்பட்ட கணக்கு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022ஆம் ஆண்டுத் தரவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் என்று வந்து நிற்கிறது. வரையறை விரிந்ததும், கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதும் அதற்குப் பெரிய காரணங்கள். கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதில் ரேமண்டுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. தமிழில் மதியிறுக்கம் என்றும் வேறு மாதிரியும் எழுதிப் பார்க்கிறோம். வீடுகளில் புழங்குவது என்னவோ ஆட்டிசம் என்ற சொல்தான். நானும் அதையே எழுதுகிறேன்.

இரண்டாவது வட்டியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. சார்லி செய்தது ஆள்கடத்தல். சிரிப்பும் இசையுமாகப் போவதால் நமக்கு அது உறைப்பதில்லை. இப்போது அடுத்தடுத்து வந்த படங்களைப் பாருங்கள். இஸ்ரேலிய இயக்குநர் நிர் பெர்க்மேனின் 'ஹியர் வி ஆர்' (2020): ஆட்டிசம் உள்ள வளர்ந்த மகனை ஒரு இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று முடிவாகிறது. கொண்டுபோய் விட வேண்டிய அப்பா, வழியில் ரயில் நிலையத்தில் மகன் பதறித் துடிப்பதைப் பார்த்துவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடிவிடுகிறார். டோனி கோல்ட்வின் இயக்கிய 'எஸ்ரா' (2023): மனைவியைப் பிரிந்து வாழும் நகைச்சுவைக் கலைஞர், தூங்கிக்கொண்டிருக்கும் மகனை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிறார். மூன்று படங்களிலும் அன்பு இருக்கிறது, நல்ல நடிப்பு இருக்கிறது. மூன்றிலும் வண்டியில் ஏற்றப்பட்டவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பின்னால் திரைக்கதைத் தொழிலின் ஒரு பழைய விதி இருக்கிறது. கதையின் முடிவில் நாயகன் மாறியிருக்க வேண்டும். சாலைப் படத்தில் அது இன்னும் கறாரான விதி. ஊர் மாற மாற ஆளும் மாற வேண்டும், இல்லையென்றால் எதற்குப் பெட்ரோல் செலவு? ஆனால் ஆட்டிசம் என்பது ஒரு வாரப் பயணத்தில் மாறுகிற விஷயம் இல்லை. மாறியதாகக் காட்டினால் அது பொய். அந்த நேர்மை ரெயின் மேனுக்கு இருந்தது. ரேமண்ட் கடைசியில் ரயிலேறிக் காப்பகத்துக்கே திரும்புகிறான், கிட்டத்தட்ட வந்த மாதிரியே. அப்படியானால் மாறுவதற்கு ஒருவர் வேண்டுமே? ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் மாறுகிறார். பணத்தாசை பிடித்த சார்லி, கடைசியில் நீட்டிய பணத்தை வேண்டாம் என்கிறான். பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒரு விதமான மலைக்கோவில் ஆகிவிடுகிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் புண்ணியம், கோவில் அங்கேயே இருக்கும்.

'ஹியர் வி ஆர்' மட்டும் இந்தக் கணக்கைத் தெரிந்தே திருப்பிப் போடுகிறது. எழுதிய டானா இடிசிஸ் தன் அப்பாவையும் தம்பியையும் மனதில் வைத்து எழுதியவர் என்பதால் இருக்கலாம். மகனால் அப்பா இல்லாமல் இருக்க முடியாது என்று நாம் நம்பிக்கொண்டே வருவோம். படம் போகப் போகத்தான், மகன் இல்லாமல் இருக்க முடியாதவர் அப்பா என்பது தெரியும்.

இவ்வளவு குறை சொன்னாலும், காரை நான் குறை சொல்ல மாட்டேன். கார் ஒரு விசித்திரமான அறை. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இருவர் கண்ணும் முன்னால் சாலையில். ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணைப் பார்த்துப் பேசுவது பெரிய பாரம். சிலர் அதை வலி என்றே சொல்கிறார்கள். காரில் அந்தப் பாரம் இல்லை. மௌனமாக இருந்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடலாம். மற்றவர்களுக்கும் அப்படித்தானே? வீட்டுக் கூடத்தில் பேச முடியாததை இரவுப் பயணத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து பேசியவர்கள் எத்தனை பேர். சாலைப் படம் ஆட்டிசத்தைத் தேடிப் போனதற்கு விற்பனைக் காரணங்களோடு இந்த உண்மையான பொருத்தமும் இருக்கிறது. கையில் பணமில்லாத இயக்குநருக்கும் அது வசதி. ஒரு கார், இரண்டு நடிகர்கள், செட் போடாமலே கிடைக்கும் வானமும் வயலும்.

'எதிர்பாராத நட்பு' என்று போஸ்டரில் போடுவார்களே, அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். யாருக்கு எதிர்பாராதது? ஓட்டுபவருக்கு. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரியாது, எனவே நட்பு அரிது என்பதுதான் அந்த வாசகத்துக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை. டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதை ஒரு கட்டுரையில் கேள்விக்குள்ளாக்கினார். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை என்றால், குறை எப்படி ஒருவரிடம் மட்டும் இருக்கும் என்பது அவர் கேள்வி. எனக்கு உன் மனம் புரியவில்லை என்றால் எனக்குக் குறைபாடு. உனக்கு என் மனம் புரியவில்லை என்றாலும் எனக்கே குறைபாடா? இருதரப்புப் புரிதல் சிக்கல் என்று தமிழில் சொல்லலாம்.

2020இல் கேத்தரின் குரோம்ப்டன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதைச் சோதிக்க, குழந்தைகள் காதில் ரகசியம் சொல்லி விளையாடுவது போல ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசைக்குச் சளைக்கவில்லை. இருவரும் மாறி மாறி உட்கார்ந்த வரிசையில்தான் கதை அதிகம் சிந்திப்போனது. பின்னர் இன்னும் பெரிய அளவில் அதே ஆய்வைச் செய்தபோது மூன்று வகை வரிசைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக விவாதம் முடியவில்லை. ஆனால் இரண்டு முறையும் ஒன்று மாறவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் கோளாறு ஒன்றும் தென்படவில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி வாவாவுக்குப் போனால், லிண்டாவின் குப்பை விவகாரம் வேறு மாதிரித் தெரிகிறது.

ஸ்நோ கேக்கை எழுதிய ஆஞ்சலா பெல், ஆட்டிசம் உள்ள மகனுக்கு அம்மா. அதனால்தானோ என்னவோ, அவர் லிண்டாவுக்கு அதிசயத் திறமை எதையும் கொடுக்கவில்லை. லிண்டா சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கும் வேலை பார்க்கிறவர். பனியை அள்ளித் தின்பது அவருக்குப் பேரின்பம். டிராம்போலினில் குதிப்பார். பளபளக்கும் சின்னப் பொம்மைகளை விளக்கில் காட்டிக்கொண்டே இருப்பார். சமையலறைக்குள் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. ஸ்க்ராபிள் விளையாட்டில் 'டாஸ்லியஸ்' என்று இல்லாத ஒரு சொல்லை வைப்பார். அதை வைத்து ஒரு கதை சொல்லிவிட்டால் சொல் செல்லும் என்பது அவர் விதி.

கவனித்துப் பாருங்கள், இந்த வீட்டில் விதி போடுவது லிண்டா. எங்கே நடக்கலாம், எதைத் தொடலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதெல்லாம் அவர் வாயால் வருகின்றன. அலெக்ஸ் விருந்தாளி. லிண்டா மகளுக்காக எல்லாரும் எதிர்பார்க்கும் விதத்தில் அழுவதில்லை. அலெக்ஸ்தான் அடக்கத்துக்கான ஏற்பாடுகளைச் செய்கிறார். துக்கம் கேட்க வருகிறவர்கள் ஆறுதல் சொல்லத் தெரியாமல் தவிக்கிறார்கள். அவர்களுடைய துக்கத்துக்கு ஒரு சடங்கு வேண்டியிருக்கிறது, லிண்டாவுக்கு அந்தச் சடங்கில் இடமில்லை. துக்க வீட்டில் அழாதவரை நம் ஊரிலும் என்ன பேசுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் அந்நியமாக இருக்காது.

அலெக்ஸுக்கு லிண்டா வீட்டில் கிடைப்பது என்ன? இங்கேதான் படம் கொஞ்சம் வழுக்குகிறது. அவர் சிறையிலிருந்து வெளிவந்தவர். தன் மகனின் சாவுக்குக் காரணமானவரைக் கொன்றதற்காக உள்ளே போனவர். இப்போது இன்னொருவரின் மகள் அவர் காரில் செத்திருக்கிறாள். இந்தக் கணக்கு எனக்கு அளவுக்கு மீறி நேர்த்தியாகப் படுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வரும் காதலும் எழுத்தாளருக்குத் தேவைப்பட்டது, படத்துக்குத் தேவைப்படவில்லை. ஆனால் லிண்டாவோடு அவர் இருக்கும் காட்சிகளில் ஒரு நிம்மதி தெரிகிறது. மற்றவர்களெல்லாம் 'உங்கள் மேல் தப்பில்லை' என்று சொல்லிச் சொல்லியே அவரைக் குற்றவாளி ஆக்குவார்கள். லிண்டாவுக்கு அந்த வேலை இல்லை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்பார், பதில் வந்ததும் அடுத்த வேலையைப் பார்ப்பார். மன்னிப்புக் கேட்க வந்தவருக்குக் குப்பைப் பையைக் கொடுப்பது, ஒரு விதத்தில் மன்னிப்பை விடப் பெரிது.

வீவரின் நடிப்பைப் பற்றி அப்போதும் இரண்டு கருத்து இருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களோடு மாதக்கணக்கில் பழகித் தயார் செய்துகொண்டார். சில காட்சிகளில் அந்தத் தயாரிப்பு வெளியே தெரிகிறது, உடம்பின் ஒவ்வொரு அசைவும் வீட்டுப்பாடம் போல. இன்று எடுத்தால் வேறு யாரையாவது போட்டிருப்பார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் சுயாதீனப் படத்தின் பணக் கணக்கு வேறு. பெரிய ஸ்டுடியோ பின்னால் இல்லாத படத்துக்கு, வெளிநாட்டு விநியோகஸ்தர்களிடம் காட்ட ஒரு தெரிந்த முகம் வேண்டும். அந்த முகத்தை நம்பித்தான் முன்பணம் வரும். ஆட்டிசம் உள்ள நடிகருக்கு வாய்ப்பே கொடுக்காத தொழிலில், தெரிந்த முகமாக ஆவதற்கு அவருக்கு வழி ஏது? இந்த வட்டத்தை உடைக்க நாளாயிற்று. ரேச்சல் இஸ்ரேலின் 'கீப் த சேஞ்ச்' (2017) முக்கியப் பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களையே நடிக்க வைத்து, டிரைபெகா விழாவில் பரிசும் வாங்கியது. அது நியூயார்க் நகரத்துக்குள்ளேயே நடக்கும் காதல் கதை. இரண்டு பேருக்குமே ஆட்டிசம் என்பதால் 'எதிர்பாராத' என்ற சொல்லுக்கே வேலை இல்லாமல் போகிறது. 'எஸ்ரா'வில் சிறுவனாக நடித்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆட்டிசம் உள்ளவர். ஆள்கடத்தல் பற்றி நான் மேலே முணுமுணுத்தாலும், அந்தப் பையன் திரையில் இருக்கும்போது அப்பாவைக் கவனிக்கத் தோன்றாது.

ஓட்டுநர் இருக்கையை மாற்றிக் கொடுத்துப் பார்த்த படம் ஒன்றும் உண்டு. பென் லெவினின் 'ப்ளீஸ் ஸ்டாண்ட் பை' (2017). சிறுவயதில் போலியோ தாக்கியதால் ஊன்றுகோலோடு நடக்கிற இயக்குநர் அவர். மார்க்கெட் தெருவைத் தாண்டவே கூடாது என்ற விதியோடு சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு இல்லத்தில் வாழும் வெண்டி, 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்காகத் தான் எழுதிய தடித்த திரைக்கதையைப் போட்டி முடிவதற்குள் நேரில் சேர்க்க, யாரிடமும் சொல்லாமல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிளம்பிவிடுகிறாள். கூட வருவது ஒரு குட்டி நாய். இந்த முறை யாரும் அவளைக் கடத்தவில்லை. பதிலுக்குப் பணத்தைத் திருடுகிறார்கள், வழியில் விடுகிறார்கள். படம் சில இடங்களில் ரொம்ப இனிப்பு. ஆனால் ஒரு காட்சி இருக்கிறது. தேடிவந்த போலீஸ்காரரைப் பார்த்து வெண்டி பயந்து ஒளிந்துகொள்கிறாள். வெளியே வரச் சொல்லிக் கத்துவதற்குப் பதில், அவர் 'ஸ்டார் ட்ரெக்'கில் வரும் கிளிங்கான் மொழியில் பேசத் தொடங்குகிறார். அவள் அதே மொழியில் பதில் சொல்கிறாள். மில்டன் பக்கம் பக்கமாக எழுதியதை அந்தப் போலீஸ்காரர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுகிறார். அவள் மொழிக்கு அவர் போகிறார், அவ்வளவுதான்.

நட்பு என்றால் கோபித்துக்கொள்ளும் உரிமையும் சேர்த்துத்தான். அதை நன்றாகப் புரிந்துகொண்டது ஆஸ்திரேலியர் ஆடம் எலியட்டின் களிமண் பொம்மைப் படமான 'மேரி அண்ட் மேக்ஸ்' (2009). மெல்பர்னில் ஒரு சிறுமி, நியூயார்க்கில் ஆட்டிசம் உள்ள 44 வயது மேக்ஸ், இடையில் கடிதங்கள் மட்டும். எலியட்டுக்கே நியூயார்க்கில் பல வருடப் பேனா நண்பர் ஒருவர் உண்டு, கதை அங்கிருந்து வந்தது. மேரி வளர்ந்து உளவியல் படித்து, மேக்ஸையே ஆய்வுப் பொருளாக்கி, குணப்படுத்துவது பற்றி ஒரு புத்தகம் போட்டுவிடுகிறாள். நன்மைதான் செய்கிறோம் என்று நம்பி. மேக்ஸ் தன் தட்டச்சு இயந்திரத்திலிருந்து அவள் பெயரின் முதல் எழுத்தான 'எம்' சாவியைப் பிடுங்கி, அதை மட்டும் உறையில் போட்டு அனுப்புகிறான். இனி அவளுக்கு எழுத முடியாது. அந்தச் சாவி கையில் கிடைத்ததும் மேரி அச்சான புத்தகங்களை எல்லாம் அழிக்கிறாள். தன்னைக் கேட்காமல் வண்டியில் ஏற்றியதற்கு ரேமண்ட் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்த ஒற்றைச் சாவியில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

வாவாவில் குப்பை வண்டி வரும் நாளும் வந்துவிடுகிறது. அலெக்ஸ் பைகளை வெளியே எடுத்து வைக்கிறார். வின்னிபெக் இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் பனியை அள்ளி ஒரு கேக் மாதிரி பிடித்து, லிண்டாவின் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போகிறார். கூட வருகிறாயா என்று அவர் லிண்டாவைக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இரு என்று லிண்டாவும் சொல்லவில்லை.